செல்லக்கா கல்யாணத்தில் நான் ஊற்றாத ஆசிட்

இன்டர்மீடியட் முதல் வருஷத்தில் நான் ரசாயனத்தில் தேறிவிட்டேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. அன்றைக்கு நான்கு மார்க் குறைந்து தோற்றிருந்தால் என் அக்கா கல்யாணம் எந்தக் களேபரமும் இல்லாமல் நடந்திருக்கும். என் பெஞ்சில் உட்கார்ந்து தோற்றுப்போன இரண்டு பேர் ஊருக்குப் போய் ஒழுங்காகத் தோப்பைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களால் அவர்கள் வீட்டுக்கு ஒரு கெடுதலும் வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

முப்பதுகளின் தொடக்கம் அது. பெருமாட்டி என்கிற எங்கள் ஊரில் எங்களுக்குத் தென்னந்தோப்பும் கொஞ்சம் வயலும். எங்கள் வகையறாவில் பாலக்காடு போய்க் காலேஜில் சேர்ந்த முதல் ஆள் நான்தான். அதனால் லீவில் ஊருக்கு வந்தால் வாயை மூடுவதில்லை. கிணற்றுத் தண்ணீர் ஏன் கரிக்கிறது, புளி போட்டால் பித்தளை ஏன் பளபளக்கிறது, மோர் ஏன் புளிக்கிறது என்று யாரும் கேட்காததற்கெல்லாம் பதில் சொல்வேன். அம்மா மோரைத் தாளித்துக்கொண்டே, "புளிச்சாப் புளிச்சதுதான், அதுக்கு எதுக்கு இத்தன பேச்சு" என்பாள்.

அந்த வருஷம் எங்கள் வாத்தியார் நடத்தியதில் என் மண்டையில் நன்றாக ஏறியது ஒன்றே ஒன்றுதான். வெறும் தண்ணீரில் மின்சாரம் அவ்வளவாகப் போகாது. அதில் உப்போ ஆசிட்டோ சேர்த்தால், அது தண்ணீருக்குள் இரண்டு வகைத் துண்டுகளாகப் பிரியும். உள்ளே முக்கி வைத்த இரண்டு உலோகத் தகடுகளில், ஒரு வகை இந்தத் தகட்டுக்கும் மறு வகை அந்தத் தகட்டுக்கும் ஓடும். அந்த ஓட்டம்தான் மின்சாரத்தைக் கொண்டுபோகிறது. (அந்தத் துண்டுகளுக்கு இப்போது பாடப் புத்தகத்தில் அயனி என்று பெயர் போட்டிருக்கிறார்கள். நாங்கள் "அயான்" என்று படித்தோம். எங்கள் வாத்தியார் அதையும் மூக்கால்தான் சொல்வார்.)

இதை நான் என் பெரியப்பாவுக்கு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப பாகம் பிரிக்கிற மாதிரியா?" என்றார்.

"கிட்டத்தட்ட அப்படித்தானுங்க பெரியப்பா."

"பிரிஞ்சு போறப்ப சத்தம் கித்தம் வருமா?"

"வராதுங்க."

"அப்ப பாகப்பிரிவினை மாதிரி இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அக்கா கல்யாணம் நிச்சயமானபோது இந்த அறிவை எல்லாம் வெளியே கொட்ட எனக்கு ஒரு வழி பிறந்தது. செல்லாத்தாள் என் ஒரே அக்கா. அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. அந்தக் காலத்தில் அது அப்பாவைத் தூங்கவிடாத வயது. அதற்கு முந்தின வருஷம் ஒரு சம்பந்தம் பேசி முடிகிற நேரத்தில், வந்தவர்கள் எழுந்திருக்கவும் பல்லி கத்தவும் சரியாக இருந்தது. அவ்வளவுதான். பாதித் தட்டுப் பலகாரத்தோடு அவர்கள் கிளம்பிவிட்டார்கள். அக்கா ஒரு வாரம் வரை எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு பல்லி விடாமல் விளக்குமாறோடு விரட்டிக்கொண்டு திரிந்தாள்.

இப்போது வந்த மாப்பிள்ளை கொல்லங்கோட்டுக்காரர். பெயர் வேலுச்சாமி. அதிகம் பேசாத மனிதர். அவருக்கும் சேர்த்து அவருடைய பெரியப்பா பேசுவார். அவர்கள் வீட்டில் அந்தப் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். அவரும் சகுனம் பார்ப்பவர் என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டுப் படியேறும்போது எந்தக் கால் முன்னால் போகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டுதான் ஏறினார்.

"பந்தல்ல கரண்டு வெளக்குப் போடலாமுங்க அப்பா" என்றேன் நான்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "இங்க எங்கடா இருக்குது கரண்டு?"

"பஸ்ஸுல இருக்குதுங்க."

பாலக்காட்டுக்கும் கொல்லங்கோட்டுக்கும் நடுவே ஓடிய ஒரு பஸ் அப்போது எஞ்சின் கெட்டுக் கொல்லங்கோட்டு ஷெட்டில் நின்றது. அதன் டிரைவர் காதர் எனக்குப் பழக்கம். காலேஜுக்குப் போகவர முன் சீட்டில் உட்கார்ந்து அவருக்கும் அயான் பற்றிச் சொல்லியிருக்கிறேன். (தப்பிக்க முடியாத இடத்தில் மாட்டிய ஒரே மாணவர் அவர்தான்.) எஞ்சின் ஓடாவிட்டாலும் பேட்டரியை எங்கோ கொடுத்துச் சார்ஜ் ஏற்றி வைத்திருந்தார். இரண்டு நாளைக்கு அதையும், முன்விளக்கு பல்பு இரண்டையும் தருவதாகச் சொன்னார். மணவறைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. சுற்று வட்டாரத்தில் எவன் வீட்டுக் கல்யாணத்திலும் இல்லாத வெளிச்சம்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "உங்கக்கா கண்ணாலம். வெளையாட்டுப் பண்ணீராத" என்றார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் விடியற்காலையில் மாட்டு வண்டியில் கொல்லங்கோடு போனேன். கல்யாணத்துக்கென்று எடுத்த வேட்டி இரண்டு. பட்டுக்கரை வேட்டி மறுநாள் முகூர்த்தத்துக்கு. மாப்பிள்ளை அழைப்புக்கு வைத்திருந்த மல் வேட்டியை அன்றைக்கே கட்டிக்கொண்டு போனேன். பேட்டரி வாங்கப் போகிறவனுக்கு மல் வேட்டி எதற்கு என்று கேட்கக்கூடாது. மாப்பிள்ளை ஊருக்குப் போகிறேன் அல்லவா.

காதர் பேட்டரியைத் தூக்கி வண்டியில் வைத்தார். "தம்பி, இதைச் சாய்க்கக் கூடாது கேட்டீங்களா. உள்ள ஆசிட்டாக்கும். மூடி கொஞ்சம் லூசு."

"எனக்குத் தெரியாதா காதர் பாய். டைல்யூட் ஆசிட்தானே."

"டைல்யூட்டோ என்னவோ, என் காக்கி டவுசர் ஒண்ணு போயிருக்கு" என்று சொல்லிவிட்டு, ஒரு பாட்டிலைக் கொடுத்தார். "வழியில சிந்தும். சிந்தினா வீட்டுக்குப் போய் இதுலிருந்து பேட்டரியில கொஞ்சம் ஊத்திக்கோங்க."

அது பழைய பன்னீர் பாட்டில். ஒல்லிக் கழுத்தும் பச்சைக் கண்ணாடியுமாக, கார்க் அடைத்து, உள்ளே பன்னீர் போலவே தெளிவாக ஆசிட்.

வைக்கோலைப் போட்டு அதன்மேல் பேட்டரியை வைத்தால் ஆடியது. அதனால் அதை மடிமேல் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கொல்லங்கோட்டிலிருந்து பெருமாட்டிக்கு வரும் பாதை அப்போது எப்படி இருக்கும் என்று அந்த வண்டியில் பூட்டியிருந்த மாடுகளைத்தான் கேட்க வேண்டும். ஒவ்வொரு குழிக்கும் என் மடியில் ஈரம் கொஞ்சம் கூடியது. முழங்கால் அரித்தது. வண்டி ஓட்டிய சுப்பையன் திரும்பிப் பார்த்து, "ஏனுங்க, மடியெல்லாம் நனையுதுங்களே" என்றார்.

"ஒண்ணும் ஆகாதுங்க. நூத்துக்கு முப்பதுதான் ஆசிட், மிச்சம் தண்ணிதான்" என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது மத்தியானம். வேட்டி காய்ந்துவிட்டது. கறைகூட இல்லை. எனக்கே திருப்தியாக இருந்தது. காதர் பாய் சும்மா பயமுறுத்தியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வேறு வேட்டிக்கு மாற வேண்டும் என்று தோன்றவில்லை.

பேட்டரியை மணவறைக்குப் பின்னால் வைத்து, குறைந்ததை ஊற்றி, கம்பி இழுத்து, பல்பைத் தொட்டுப் பார்த்தேன். எரிந்தது. என் பெரியப்பாவே வாயைப் பிளந்தார். பாட்டிலில் முக்கால்வாசி மீதம். அதைக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும் என்ற பொறுப்புணர்ச்சி எனக்கு இருந்தது. ஆகவே சீர்ச் சாமான் வைத்திருந்த அறையில், உயரமான பலகையில் கொண்டுபோய் வைத்தேன். அந்தப் பலகையில் ஏற்கெனவே ஐந்து பன்னீர் பாட்டில்கள் நின்றன.

நான் முட்டாள் இல்லை. தவறிப்போய் யாரும் எடுத்துவிடக் கூடாதே என்று ஒரு காகிதத்தைக் கிழித்து, அந்த ஆசிட்டின் ரசாயனச் சூத்திரத்தை இங்கிலீஷ் எழுத்தில் அழகாக எழுதி, பசை தடவி ஒட்டினேன். எங்கள் வீட்டில் அன்றைக்கு இருந்த நாற்பது பேரில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இது அப்போது எனக்குத் தோன்றாமல் போனதற்கு இன்றுவரை என்னிடம் காரணம் இல்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஏழெட்டு வண்டிகளில் வந்து இறங்கினார்கள். மேளம் முழங்கியது. பல்பு இரண்டும் எரிந்தன. மாப்பிள்ளையின் பெரியப்பா வாசலில் நின்று அதை அண்ணாந்து பார்த்தார். நான் நெஞ்சை நிமிர்த்தி, அவர் கண்ணில் படும்படி நின்றேன். சின்னம்மா, அதாவது என் அம்மாவின் தங்கை, ஆரத்தித் தட்டோடு வந்தாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து ரத்தச் சிவப்பாக இருந்தது. அவள் எதைச் செய்தாலும் மற்றவர்களைவிட ஒரு படி கூடுதலாகச் செய்கிறவள். வாசமாக இருக்கட்டும் என்று, கையோடு எடுத்து வந்த பன்னீர் பாட்டிலைத் திறந்து, தட்டில் தாராளமாக ஊற்றினாள்.

தட்டு "ஸ்ஸ்" என்றது. கொஞ்சம் நுரைத்தது. பிறகு எல்லோர் கண் முன்னாலும், மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே, சிவப்பு ஆரத்தி மஞ்சளாக மாறியது.

மேளக்காரர் முதலில் நிறுத்தினார். நாயனக்காரர் ஒரு மூச்சு தள்ளி நிறுத்தினார். சின்னம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் பக்கத்தில் இருந்த பாட்டிலில் நான் ஒட்டிய காகிதம் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

மாப்பிள்ளையின் பெரியப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "செவப்பு போயிருச்சு" என்றார் மெல்ல. அவ்வளவு மெல்லச் சொன்னது எனக்குக் கத்தினதைவிடப் பயமாக இருந்தது. "சுமங்கலி எடுக்கிற ஆரத்தியில செவப்பு போயிருச்சுங்க. நான் இதுக்கு மேல என்ன சொல்லட்டும்." வண்டிக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார். மாடு அவிழ்த்துக்கொண்டிருந்தவர்கள் அவிழ்ப்பதை நிறுத்தினார்கள்.

அப்பா கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். உள்ளே ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அக்காவின் முகம் தெரிந்தது. அவள் தட்டைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தாள். கூடப் பிறந்தவளுக்கு எதுவும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான் முன்னால் போனேன். எனக்குத் தைரியம் வந்தது என்று சொன்னால் பொய். அந்த ஜன்னலைப் பார்ப்பதைவிட மாப்பிள்ளையின் பெரியப்பாவிடம் போவது எளிதாக இருந்தது.

"சகுனம் இல்லைங்க பெரியப்பா. ஆசிட்டுங்க."

"என்னது?"

"பஸ்ஸு பேட்டரிக்கு ஊத்துற ஆசிட்டுங்க. நான்தான் கொண்டாந்து பன்னீரோட வெச்சேன். மஞ்சள்ல சுண்ணாம்பு விழுந்தா சிவக்குமுங்க. ஆசிட் விழுந்தா மறுக்கா மஞ்சளாயிரும். யார் ஊட்டு ஆரத்தியா இருந்தாலும் அப்படித்தானுங்க."

சின்னம்மா தரையிலிருந்து தலையைத் தூக்கினாள். "அந்தக் காயிதம்?"

"அதுல ஆசிட்டுன்னு எழுதியிருக்குதுங்க சின்னம்மா."

"கடைக்காரன் போட்ட வெலைன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "தப்ப மறைக்கறதுக்குப் படிச்ச புள்ள ஒரு கதை சொல்லுது" என்றார்.

"கதை இல்லைங்க. இப்பவே மறுக்கா செவப்பாக்கிக் காட்டறேன். சுண்ணாம்பு குடுங்க."

தட்டுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தேன். யாரோ ஒரு சுண்ணாம்பு டப்பாவை நீட்டினார்கள். முழுசாக வழித்துப் போட்டுக் கலக்கினேன். மஞ்சள் அப்படியே இருந்தது. இன்னொரு டப்பா. விரல் சுட்டது, நிறம் மாறவில்லை. காலேஜில் நாங்கள் செய்யும்போது ஆசிட் சொட்டுச் சொட்டாக விழும், சின்னம்மா அரைப் பாட்டிலை ஊற்றியிருந்தாள். கணக்குப் போட்டால் இதற்கு ஒரு சட்டி சுண்ணாம்பு வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது.

"இன்னுங் கொஞ்சம் வேணுமுங்க" என்றேன்.

இரண்டு வீட்டிலும் வெற்றிலை போடுகிற ஒவ்வொருவரும் இடுப்பிலிருந்து டப்பாவை எடுத்தார்கள். மேளக்காரர் தன்னுடையதைக் கொடுத்தார். வண்டிக்காரர்கள் கொடுத்தார்கள். கடைசியில் மாப்பிள்ளையின் பெரியப்பாவே தன் வெள்ளி டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளினார். தட்டில் இருந்தது கெட்டியாகிக்கொண்டே வந்தது. ஆசிட்டும் சுண்ணாம்பும் சேர்ந்து வெள்ளையாகத் திரண்டு, ஆரத்தி கேழ்வரகுக் கூழ் பதத்துக்கு வந்துவிட்டது. நான் வலது கை முழங்கை வரை மஞ்சளாகக் கிண்டிக்கொண்டிருந்தேன். நூறு பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். நான் மனசுக்குள் அயான்களைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

வெள்ளி டப்பாவின் சுண்ணாம்பு விழுந்ததும் ஓரத்தில் ஒரு சிவப்புக் கீற்று ஓடியது. கலக்கினேன். நடுவில் பரவியது. இன்னும் கலக்கினேன். தட்டு முழுவதும் சிவந்தது. முன்னைவிடக் கொஞ்சம் வெளிர்தான், ஆனால் சிவப்பு, யார் பார்த்தாலும் சிவப்பு.

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு வெற்றி நான் கண்டதில்லை. "பாத்தீங்களா" என்று சொல்லிக்கொண்டே கம்பீரமாக எழுந்து நின்றேன்.

நான் எழுந்தேன். வேட்டி எழவில்லை.

இடுப்பு மடிப்பு மட்டும் என்னோடு வந்தது. மடியிலிருந்து முழங்கால் வரை இருந்த துணி, குத்தவைத்து உட்கார்ந்த இழுப்பில் நொறுங்கி, தொட்டால் உதிரும் காய்ந்த வாழைச் சருகு மாதிரி துண்டு துண்டாகக் காலடியில் விழுந்து கிடந்தது. ஆசிட்டில் இருந்த தண்ணீர் வழியிலேயே காய்ந்துபோக, மிச்சம் இருந்த ஆசிட் மத்தியானத்திலிருந்து பொறுமையாக மல் வேட்டியைத் தின்றிருக்கிறது. உள்ளே நான் போட்டிருந்தது நீலக் கோடு போட்ட டிராயர். அதற்கும் முன்புறம் இரண்டு ஜன்னல். என் கரண்டு விளக்கு இரண்டும் அன்றைக்கு மிகப் பிரகாசமாக எரிந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை. எல்லோரும் மாப்பிள்ளையின் பெரியப்பாவைப் பார்த்தார்கள். அவர் குனிந்து, தரையிலிருந்து ஒரு வேட்டித் துண்டை எடுத்தார். இரண்டு விரலால் தேய்த்தார். பொடியாக உதிர்ந்தது. என்னையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சகுனம்னா அது பொண்ணு மாப்பிள்ளைக்கு ஆகோணும்" என்றார். "இது இவன் வேட்டிக்கு ஆயிருக்குது. அப்ப இது தெய்வம் பண்ணுனது இல்ல. இவன் பண்ணுனதுதான்."

இரண்டு வீட்டுக்கும் அது போதுமானதாக இருந்தது. ஒரு மணி நேரமாக நான் சொன்ன ரசாயனத்தில் ஒரு வார்த்தையைக்கூட அவர் ஏற்கவில்லை. என் முட்டாள்தனத்தை மட்டும் முழு மனசோடு ஏற்றுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் முதல் சிரிப்பு வந்தது. அது மாப்பிள்ளையிடமிருந்து வந்தது. அதுவரை வாயைத் திறக்காத மனிதர் முன்னால் வந்து, தன் தோளில் இருந்த பட்டுத் துண்டை எடுத்து என் இடுப்பைச் சுற்றிக் கட்டினார். அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. முடிச்சுப் போடும்போது என் காதோரம், "மாப்ள, தாலிக் கயித்து மேல மட்டும் ஒண்ணும் ஊத்தீராதீங்க" என்றார்.

மேளம் மறுபடி தொடங்கியது. சின்னம்மா அந்தக் கூழையே சுற்றி ஆரத்தி எடுத்தாள். ஒரு சின்ன உருண்டையை மாப்பிள்ளை நெற்றியில் வைத்தாள். அது மறுநாள் முகூர்த்தம் வரை, காரை பூசினது போல உதிராமல் இருந்தது. அன்றைக்கு ராத்திரிப் பந்தியில் வெற்றிலை போட்ட யாருக்கும் வாய் சிவக்கவில்லை. ஊரில் ஒரு பொட்டுச் சுண்ணாம்பு மிச்சமில்லை.

அக்கா என்னோடு பேச நான்கு மாதம் ஆனது. முதல் ஆடிக்கு வந்தபோது, கையில் ஒரு பொட்டலம் வைத்திருந்தாள். பிரித்தால் புது மல் வேட்டி. "உங்க மச்சான் எடுத்துக் குடுத்தார்" என்றாள். "தண்ணியில மட்டும் நனைக்கச் சொன்னார்." சிரித்துவிட்டு உள்ளே போய்ச் சின்னம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி சொல்லச் சொன்னாள். சின்னம்மாவும் சளைக்கவில்லை. ஆரத்தித் தட்டு அதற்குப் பிறகு தங்கம் போலத் துலங்கிவிட்டதாகவும், அந்தத் தண்ணீர் இன்னும் இருந்தால் குத்துவிளக்குக்குக் கொஞ்சம் வேண்டும் என்றும் என்னிடமே கேட்டாள்.

நான் மேற்கொண்டு ரசாயனம் படிக்கவில்லை. சரித்திரம் எடுத்துக்கொண்டேன். அசோகரைத் தவறான இடத்தில் வைத்தால் யார் வேட்டியும் போகாது.

அக்காவுக்கு ஆறு குழந்தைகள். அந்த ஆறும் கல்யாணமாகி, அவர்களுடைய பிள்ளைகளுக்கும் இப்போது கல்யாண வயது. எங்கள் குடும்பத்தில் யாராவது கோபித்துக்கொண்டு உர்ரென்று உட்கார்ந்தால், "இவனுக்கு இன்னுங் கொஞ்சம் சுண்ணாம்பு வேணும்" என்கிறார்கள். எதற்குச் சொல்கிறோம் என்று பாதிப் பேருக்குத் தெரியாது.

போன மாதம் அக்காவின் பேத்தி பத்திரிகை கொடுக்க வந்தாள். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, காலில் விழுந்து எழுந்து, நல்ல பிள்ளையாகச் சொன்னாள்: "தாத்தா, நீங்க முதல் ஆளா வந்து முன்னால நின்னு நடத்திக் குடுக்கோணுங்க. ஆனா ஆரத்தி எடுத்து முடிச்ச பொறவு வந்தாப் போதுமுங்க."